வேம்பார் வேனும் ஓர் அணிலும்

தூத்துக்குடியில் நடந்த குழந்தைகளின் காட்டு விலங்கு இசை நாடகத்துக்கு ஒலியமைப்பு என் பொறுப்பு. மைக், ஸ்பீக்கர் எல்லாம் சரிபார்த்தேன். வெளிச்சத்தம் வராதபடி கண்ணாடி ஜன்னல்களையும் மூடினேன்.

வேம்பாரிலிருந்து பிள்ளைகளோடு என்னையும் ஏற்றிவந்த வேன் டிரைவர் அருகில் நின்றார். நரைத்த மீசை, காக்கிச் சட்டை. வழியில் பிள்ளைகளை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை; தலைக்கு மேலிருந்த கண்ணாடியில்தான் பார்த்துக்கொண்டார்.

முயலும் கரடியும் பாடிவிட்டன. அடுத்தது அணில். இசை ஒலித்தது, சிறுமி வாய் திறக்கவில்லை. மறுபடி போட்டேன். அவள் தன் அணில் வாலைப் பற்றிக்கொண்டு நின்றாள்.

"இந்தவாட்டியும் பாடலன்னா இறக்கிருவோம்" என்று டீச்சர் என் காதில் சொன்னார்.

"வண்டியில வாயை மூடமாட்டா. இங்கன வந்து கல்லு மாதிரி நிக்கா" என்று முணுமுணுத்த டிரைவர் வெளியே போனார்.

மூன்றாம் முறை இசையைப் போட்டபோது, ஜன்னலுக்கு வெளியே வேன் உறுமியது. எரிச்சலோடு திரும்பினேன். அதற்குள் அணில் பாடத் தொடங்கியிருந்தாள். கடைசி வரி முடிந்த பிறகே எஞ்சின் நின்றது.

இடைவேளையில் வேனருகே போனேன். "அவளுக்காகத்தான் ஸ்டார்ட் பண்ணீங்களா, அண்ணாச்சி?"

"கெளம்பணும்லா? வண்டி சூடாவ வேண்டாமா?"

நாடகம் இன்னும் பாதி மிச்சமிருந்தது. வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடி, அரங்கின் ஜன்னல் வழியே மேடை தெரியும்படி திருப்பப்பட்டிருந்தது.