பின்சக்கரத்தைப் படம் பிடித்தவர்கள்

1. முதல் நாள்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு மோட்டார் பஸ் ஓட்டிய முதல் நாளே இரண்டு பேரைத் திட்டினேன். அந்த இரண்டு பேரால்தான் இதை எழுத இன்று உயிரோடு இருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் டிரைவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் கொற்கை. கொழும்புப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரையின் மோட்டாரைத் துடைக்கப் போய், ஓட்டவும் கற்றுக்கொண்டு திரும்பியிருந்தேன். ஜங்ஷன் பக்கம் ஒரு மரக்கடை முதலாளி பஸ் வாங்கி விட்டிருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் காலத்து வண்டியை இப்போதைய டிரைவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றினால்தான் எஞ்சின் கிளம்பும். மர ஆரக்கால் வைத்த சக்கரம், அதன்மேல் காற்றில்லாத கெட்டி ரப்பர் டயர். பின்பக்க ஆக்ஸில் என்பது அசையாத இரும்புச் சட்டம். அதன் இரண்டு முனையிலும் உள்ள சக்கரங்களை எஞ்சின் சங்கிலி போட்டு இழுக்கும். ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. சேரன்மகாதேவி போவதற்குள் ரேடியேட்டர் கொதித்துவிடும். அதைத் தாண்டி ஒரு வாய்க்கால் பாலம் உண்டு. அங்கே நிறுத்தித் தண்ணீர் ஊற்றாமல் மேலே போக முடியாது.

முதல் நாள் அந்தப் பாலத்தில் நிறுத்தி இறங்கினேன். ரோட்டோரத்தில் முக்காலியில் ஒரு பெட்டி. அதன்மேல் கறுப்புத் துணி. துணிக்குள் ஒருவர் தலையை விட்டுக் குனிந்திருந்தார். வயதான இன்னொருவர் குடை பிடித்து நின்றார். எதிரே வந்த வைக்கோல் வண்டி மாடுகள் பஸ்ஸைக் கண்டு மிரண்டனவோ, கறுப்புத் துணியைக் கண்டு மிரண்டனவோ, வண்டியைச் சரிவில் இறக்கிவிட்டன. ஏழெட்டுப் பேர் சேர்ந்து தூக்கி விட்டோம். எனக்கு வந்த கோபத்தில், "உங்களுக்கெல்லாம் வேற சோலியே இல்லியாவே? நடு ரோட்டுல என்ன கூத்து இது?" என்று கத்தினேன்.

துணிக்குள்ளிருந்து தலையை எடுத்தவர், "மன்னிக்கணும் டிரைவர். வண்டியப் பாக்கத்தான் வந்தோம்" என்றார்.

"பாக்கதுக்கு இதுல என்ன இருக்கு?"

குடைக்காரர் பதில் சொன்னார். "என்னவே இப்படிக் கேக்கீரு? உங்க கம்பெனிக்கு மூணு வண்டி. ரெண்டப் பாத்து படமும் எடுத்தாச்சு. உம்ம வண்டிதான் பாக்கி."

படம் எடுத்தவர் பெயர் மத்தேயு. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் விட்டுப்போன கேமரா அது. குடைக்காரர் சங்கரலிங்கம் பிள்ளை, சர்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், வீடு சேரன்மகாதேவி. மோட்டார் பஸ் பார்ப்பது தவிர இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றும் கிடையாது.

சாயங்காலம் ஷெட்டில் அண்ணாச்சியிடம் சொன்னேன். "எதிர்க் கம்பெனிக்காரன் அனுப்பின ஆளுகளா இருக்கும்லே. பேச்சுக் கொடுக்காத" என்றார்.

2. இரண்டு கல்

பேச்சுக் கொடுக்காமல் எத்தனை நாள் இருக்க முடியும்? சனிக்கிழமை தவறாமல் அந்தப் பாலத்தில் நின்றார்கள். நானும் அங்கே நின்றுதான் ஆகவேண்டும். நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, சக்கரத்தில் கை வைத்து நான் நிற்கும் படம் ஒன்றை மத்தேயு சார்வாள் கொண்டுவந்து கொடுத்தார். என்னை யாரும் அதுவரை படம் எடுத்ததில்லை. கொற்கைக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். வண்டியை அவள் பார்க்கவே இல்லை. "இம்புட்டு மெலிஞ்சு போயிட்டியே" என்று அழுதாள்.

அவர்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. சார்வாளுக்கு வண்டியின் முகம்தான் வேண்டும். ரேடியேட்டர், விளக்கு, பித்தளை ஹாரன் எல்லாம் பளபளவென்று விழவேண்டும். பிள்ளைவாளுக்கோ பின்பக்கம். "மூஞ்சிய எல்லாரும் பாப்பான். பாரம் முழுக்க பின்னாலதானவே இருக்கு" என்பார். படம் பதிகிற கண்ணாடித் தட்டு விலை கூடின சாமான். ஒரு நாளைக்கு இரண்டுதான் எடுக்க முடியும். அதனால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று ஒப்பந்தம் ஆனது.

சர்வே புத்தி பிள்ளைவாளை விடவில்லை. கேமரா நிற்க ரோட்டோரத்தில் ஒரு கல் நட்டார். என் முன்சக்கரம் நிற்க இன்னொரு கல். "நெனச்ச இடத்துல எடுத்தா அது வெறும் படம். அளந்து எடுத்தா ரெக்கார்டு" என்றார். எனக்குச் சிரிப்பாக வந்தது. இருந்தாலும் வாரா வாரம் அந்தக் கல்லுக்கு நேராகத்தான் நிறுத்தினேன். பெரியவர் ஆசைக்கு ஒரு அடி முன்னே பின்னே நிறுத்துவதில் நமக்கென்ன நஷ்டம் என்று நினைத்தேன்.

3. ஆடி அமாவாசை

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போகிற கூட்டம் விடியற்காலையிலேயே ஷெட் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டது. மற்ற இரண்டு வண்டிகளும் அதற்குள் கிளம்பிப் போயிருந்தன. நான் பெட்ரோல் ஊற்றி முடித்து ஹேண்டிலைக் கையில் எடுத்தபோது சார்வாளும் பிள்ளைவாளும் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார்கள். பிள்ளைவாள் முந்தின ராத்திரி சார்வாள் வீட்டில் தங்கிவிட்டு, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பேரும் நடந்தே வந்திருக்கிறார்கள்.

"டிரைவர், வண்டிய எடுக்காதீங்க" என்றார் சார்வாள். கையிலிருந்த நான்கு படங்களைப் பானெட்டின் மேல் வரிசையாக வைத்தார். நான்கும் பின்பக்கம் எடுத்தவை. தை மாதம் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆனியில் ஒன்று, போன சனிக்கிழமை ஒன்று. கடைசித் தட்டை முந்தின நாள்தான் கழுவினாராம்.

நான் பார்த்தேன். நான்கும் ஒன்று போலத்தான் தெரிந்தன. பிள்ளைவாள் மடியிலிருந்து அடிக்கோலை எடுத்து முதல் படத்தில் இடது பின்சக்கரத்தின் ஓரமாக நிறுத்தினார். கோலும் சக்கரமும் ஒட்டி நின்றன. இரண்டாவதில் மேல்பக்கம் மயிரிழை விலகியிருந்தது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம். நான்காவதில் சக்கரத்தின் மேல்பக்கம் வண்டியை நோக்கிச் சாய்ந்திருப்பது கோல் இல்லாமலே தெரிந்தது. ஒரு தடவை கண்ணில் பட்ட பிறகு அது தவிர வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

"வலது சக்கரம் நாலு படத்துலயும் நேராத்தான் நிக்கி. இடதுதான் சாயுது. ஆக்ஸில்ல என்னமோ இருக்குவே" என்றார் பிள்ளைவாள்.

அதற்குள் அண்ணாச்சி வந்துவிட்டார். "என்னலே இன்னும் கெளப்பாம நிக்க? கூட்டம் காத்துக் கெடக்கு."

விஷயத்தைச் சொன்னேன். படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளினார். "போட்டோவுல சாஞ்சு தெரியுதுன்னு வண்டிய நிறுத்தச் சொல்லுதியா? நம்ம ஃபிட்டர் மதார் நேத்துதான் எல்லா போல்ட்டையும் முடுக்கியிருக்கான். உனக்குப் பயமா இருந்தா எறங்கிக்கோ. நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

எனக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாதம். இந்த வேலை போனால் மறுபடி கப்பல் ஏற வேண்டியதுதான். வாசலைப் பார்த்தேன். கைப்பிள்ளைக்காரிகள், எள்ளும் தர்ப்பையும் மடியில் கட்டிய கிழவர்கள், முப்பது பேருக்குக் குறையாது. ஹேண்டிலைத் தரையில் வைத்தேன்.

"அண்ணாச்சி, ஜாக்கி போட்டு சக்கரத்தக் கழட்டிப் பாப்போம். ஒண்ணும் இல்லன்னா நான் இன்னைக்கே ஊருக்குப் போயிடுதேன்."

அண்ணாச்சி ஃபிட்டர் மதார் பாயைப் பார்த்துத் தலையசைத்தார். மதார் பாய்க்கு மனத்தாங்கல்தான். ஜாக்கி போட்டார், சங்கிலியை இறக்கினார், சக்கரத்தை உருவினார். ஆக்ஸில் முனையில் அப்பியிருந்த கிரீஸை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். அடிப்பக்கம் துடைக்கும்போது அவர் கை நின்றது.

"அண்ணாச்சி, இங்கன வாங்க."

அடிப்பக்கத்திலிருந்து மேல் நோக்கி விரிசல். இரும்பில் பாதிக்கு மேல் ஓடியிருந்தது. அண்ணாச்சி குனிந்து நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது. அப்படியே பக்கத்தில் கிடந்த பலகைப் பெட்டியில் உட்கார்ந்தார்.

பிறகு எழுந்து அவரே வாசலுக்குப் போனார். "இந்த வண்டி இன்னைக்குப் போவாது. ரயிலுக்குப் போங்க. தப்பு எங்க மேலதான்" என்றார். திதி கொடுக்க நேரமாகிவிட்டதே என்று ஜனங்கள் திட்டினார்கள். ஒரு கிழவர் மண்ணை வாரித் தூற்றாத குறை. என்னைச் சொல்லச் சொல்லிவிட்டு அண்ணாச்சி உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. கடைசி ஆள் நகரும்வரை அங்கேயே நின்று திட்டை வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து இரண்டு பேரையும் கும்பிட்டார். "உங்கள வேவு பாக்க வந்தவங்கன்னு நெனச்சிட்டேன்."

"வேவுதானவே பாத்தோம், சக்கரத்த" என்றார் பிள்ளைவாள்.

தரையில் கிடந்த ஹேண்டிலை எடுத்து நான் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

4. ஏறாதவர்கள்

மதராசிலிருந்து புது ஆக்ஸில் வர ஐப்பசி ஆகிவிட்டது. அதுவரை அண்ணாச்சி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை, மதார் பாய்க்கு உதவியாக ஷெட்டிலேயே வைத்துக்கொண்டார். மதார் பாயின் மனத்தாங்கல் இரண்டே நாளில் போய்விட்டது. மாதத்துக்கு ஒரு முறை எல்லாச் சக்கரத்தையும் கழற்றி ஆக்ஸிலைத் துடைத்துப் பார்ப்பது அவர் போட்ட விதி. நான் பிறகு வேலை பார்த்த எல்லாக் கம்பெனியிலும் அதை விடாமல் செய்தேன்.

புது ஆக்ஸில் மாட்டிய முதல் டிரிப்பில் முன்சீட்டில் அவர்கள் இரண்டு பேரும் வரவேண்டும் என்றார் அண்ணாச்சி. கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது, இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவர்கள் பஸ்ஸில் ஏறியதே இல்லை. சார்வாள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"ஏறிட்டா வண்டியப் பாக்க முடியாதுல்லா" என்றார்.

பிள்ளைவாள் மட்டும் ஏறினார். வாய்க்கால் பாலத்தில் சார்வாள் எங்களுக்காகக் காத்து நின்றார், பிள்ளைவாளும் அங்கே இறங்கிக்கொண்டார். தண்ணீர் ஊற்றிவிட்டு நான் வண்டியை எடுத்துத் திரும்பிப் பார்த்தபோது, இரண்டு பேரும் ரோட்டில் நின்று, போகிற வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தொழிலில் இருந்த காலம் முழுக்க எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு, வண்டியைப் பற்றி யார் எது சொன்னாலும் இறங்கிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. சீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தன் சக்கரம் தெரியாது. வெளியே நிற்பவனுக்குத் தெரியும். அவனுக்கு மோட்டார் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ரொம்ப வருஷம் கழித்துச் சீவலப்பேரி ரூட் ஓட்டினேன். வயல் வேலைக்குப் போகும் ஒரு பெண் ஒருநாள், "டிரைவர் அண்ணாச்சி, நேத்து வண்டி இப்படிக் கிறீச்சுன்னு கத்தல. இன்னைக்கு என்னமோ கத்துது" என்றாள். நிறுத்தி இறங்கினேன். நான்கு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தேன், ஸ்பிரிங்கைப் பார்த்தேன், கீழே படுத்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடைசியில் பார்த்தால் அவளுடைய தூக்குச்சட்டிதான் சீட்டுக் கம்பியில் உரசிக் கத்தியிருக்கிறது. வண்டியே சிரித்தது. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"சிரிக்கவங்க சிரிக்கட்டும் தாயி. நாளைக்கும் ஏதாச்சும் கேட்டா சொல்லு, நான் நிறுத்துதேன்" என்று சொல்லிவிட்டு, சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.