அரசாங்க ரேடியோவும் என் தூக்கிய கையும்

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

அரசாங்க ரேடியோவில் தமிழில் உரையாற்ற இடம் கேட்டேன், மறுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் கண்டி முழுக்க அதை ஏசித் திரிகிறேன். ஏசுவதற்காவது கேட்க வேண்டுமே! அதற்காகவே மாலைதோறும் ரேடியோ இருக்கும் காசிம் நானாவின் துணிக்கடைக்குப் போகிறேன்.

இன்று மழையில் ஏரியல் கம்பி தொங்கிவிட்டது. அரசாங்க ரேடியோவான கொழும்பு ஒரே இரைச்சல். நானா ரேடியோ முள்ளைத் திருப்பினார். பம்பாய் நிலையம் கணீரென்று வந்தது.

"நீங்க ஏசினது சரிதான் மாஸ்டர். இனி நமக்குப் பம்பாய்தான்," என்றார்.

சேட்டு தைக்கத் துணி பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஆபீஸ் கிளாக்கரும் சேர்ந்துகொண்டார்: "ஓம், உந்தக் கொழும்பு ஆருக்கு வேணும்?"

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

"அது நம்ம ரேடியோங்க! இரைஞ்சாலும் நம்ம இரைச்சல்!" என்று கத்தினேன்.

"அப்ப கம்பிய நீங்களே தூக்கிப் புடிங்க," என்றார் நானா.

பிடித்தேன். கடை வாசலில், கொட்டும் மழையில்.

"இன்னும் கொஞ்சம் மேல, மாஸ்டர்!"

கொழும்பு தெளிந்தது. தமிழில் ஒருவர் பேசினார். எனக்குப் பதிலாக அவர்கள் தேர்ந்தெடுத்த அதே ஆள்!

அவர் பேசி முடிக்கும்வரை கையை இறக்கவில்லை. நன்றாக வேறு பேசித் தொலைத்தார்.

இதை வாசிகசாலைப் பலகையில் பெயர் போடாமல் ஒட்டுகிறேன். நான் நனைந்ததைத் தெருவே பார்த்தது, பெயர் எதற்கு? கீழே பதில் எழுதுகிறவர்கள் என்னைத் தாராளமாக ஏசலாம்.

ரேடியோவை ஏசும் உரிமை மட்டும் எனக்கே.