பக்கத்து வீட்டு நிலக்கரி

சின்ன வயதில் நான் அதிகம் பொறாமைப்பட்டது பொம்மைக்கோ சைக்கிளுக்கோ அல்ல, ஒரு நிலக்கரிக் குவியலுக்கு.

ஜேர்மனியில் டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று கட்டிய ஊர் அது. செங்கல் வீடுகள் இரண்டிரண்டாக ஒட்டியபடி நிற்கும். இலங்கையிலிருந்து வந்தவர்கள் அங்கே நாங்கள் மட்டும்தான். அப்பா ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவினார். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் நிலத்துக்குக் கீழே இறங்குகிறவர்கள்.

அவர்களுக்குச் சம்பளத்தோடு வீட்டில் எரிக்க நிலக்கரியும் கிடைக்கும். குளிர் தொடங்குமுன் லொறி வந்து நடைபாதையில் கொட்டிவிட்டுப் போகும். பிறகு வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து அதை நிலவறை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுவார்கள். பிள்ளைகள் கரி முகத்தைக் கழுவாமலே தெருவில் பெருமையடித்துக்கொண்டு திரிவார்கள். என் முகத்தில் அம்மா பூசிய பவுடர் மட்டும்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளை என் வகுப்பு. பள்ளிக்கூடம் போவதும் அவளோடுதான், வயிறு எரிவதும் அவளைப் பார்த்துத்தான். அவளுடைய அப்பா சுரங்கத்தில் வேலை முடிந்து வந்தால் தெருவே வணக்கம் சொல்லும். என் அப்பா வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது.

எங்களுக்கு ஒன்பது வயதான அந்த வருடம், லொறிக்காரர் அவளுடைய வீட்டுக் கரியை எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவே கொட்டிவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சும்மா நின்றேன் என்றால் பொய். யாராவது பார்க்கட்டும் என்றுதான் நின்றேன். வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள்.

"இது உங்கடையோ?" என்று டொச் மொழியில் கேட்டார்கள்.

"ஓம். எங்கட அப்பாவும் இப்ப கீழதான் வேலை."

சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்துக் கதவில் அவள் நின்றாள், கையில் கரி அள்ளும் சவளோடு. எல்லாம் கேட்டுவிட்டாள். நாளைக்கு வகுப்பு முழுக்கச் சிரிக்கப்போகிறது.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவர்களைப் பார்த்தாள். "பாதி எங்கட, பாதி அவையின்ர" என்றாள். சவளை என்னிடம் நீட்டினாள்.

நான் அள்ளத் தொடங்கியதும் மேல் ஜன்னலிலிருந்து அம்மா தமிழில் கத்தினார்: "ஆரின்ரையோ கரியை நீ ஏன் பிள்ளை அள்ளுறாய்? புதுச் சட்டையெல்லே! மேல வா!"

"அம்மா என்ன சொல்லுறா?" என்று அந்த மூன்று பேரில் ஒருத்தி கேட்டாள்.

"கெதியா, நிக்காமல் அள்ளட்டாம்" என்றேன்.

அன்று என் முகமும் கரியானது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. அவள் என் பொய்யை ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அவள் இன்றும் என் பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்புகிறாள். அவளுடைய இடத்தில் நான் இருந்திருந்தால், அந்த மூன்று பேருக்கும் முன்னாலேயே பொய்யைப் போட்டு உடைத்திருப்பேன். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வாழ்த்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் எரிகிறது.