மூங்கில் புதருக்குள்ளிருந்து ஒரு சீட்டி

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஆற்றையொட்டி இருக்கும் அந்தப் பூங்காவில் காலையில் முதலில் நடப்பது உடும்பு, அதற்கடுத்து தங்கபாய். உடும்பு வாலால் பாதையைக் கூட்டிக்கொண்டு போகும். இவள் வாரியலால் கூட்டிக்கொண்டு போவாள். கொல்லயில் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, பறவை பார்க்க வருகிறவர்கள் நடக்கும் பாதைகளில் கிடக்கும் சருகைத் தள்ளிவிடுவது அவள் வேலை.

அவள் கணவன் பொன்னுதாஸ் அங்கே வாட்சராக இருந்தான். விரலை மடித்து நாக்கின் அடியில் வைத்து அவன் அடிக்கும் சீட்டி பெயர்போனது. பூங்கா அடைக்கும் நேரம் அவன் ஒன்று அடித்தால், வழி தவறியவர்கள் மட்டுமல்ல, பொழியூரில் அலை தாண்ட முடியாமல் நின்ற வள்ளங்களும் கரைக்கு வந்துவிடும் என்பார்கள். காற்று மட்டும் கொஞ்சம் ஒத்தாசை செய்ய வேண்டும். மத்தியானம் சோற்றுக்குத் தங்கபாயைக் கூப்பிட வேறு சீட்டி: நீளமாக இழுத்து, கடைசியில் மேலே சுண்டிவிடுவான். பெயர் சொல்லி அழைத்ததே இல்லை.

போன ஜூனில், இடவப்பாதி மழையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழவில்லை. அடக்கமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று மத்தியானம், மூங்கில் புதருக்குள்ளிருந்து அந்தச் சீட்டி வந்தது. இழுப்பும் அதேதான், சுண்டலும் அதேதான். இரண்டு முறை. பிறகு ஒன்றுமில்லை.

வாய்வரை வந்த 'வாறேன்' என்ற சொல்லைத் தங்கபாய் விழுங்கிவிட்டாள். மூன்று முறை கூப்பிடாத குரலுக்கு விளி கேட்கக் கூடாது, அதாவது பதில் குரல் கொடுக்கக் கூடாது. கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட சட்டம் அந்த ஊர்களில் இது ஒன்றுதான். செத்தவர்களின் மூச்சு இரண்டு விளியோடு தீர்ந்துவிடுமாம். அதற்குப் பதில் கொடுத்தால், கொடுத்த ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுமாம்.

தினமும் மத்தியானம் அதே இரண்டு சீட்டி. டிக்கெட் கொடுக்கும் சரோஜத்திடம் சொன்னாள்.

"அக்கா, நீங்க வேதக்காரியில்லியா? கடைசி நாள்ல காகளம் ஊதினாத்தானே செத்துப்போன உங்க ஆளுவ எந்திப்பாவ?"

"அவரு எப்பவாவது சொன்ன நேரத்துல எந்திச்சிருக்காராட்டி?"

சரோஜம் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "விளி மட்டும் கேட்டிராதிங்க. சுமிக்கு இனி நீங்க ஒருத்தியாக்கும் உள்ளது." சுமி அவர்களின் மகள், நர்சிங் படிக்கிறாள்.

மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பாறசாலையிலிருந்து காமிராவோடு வந்த ஸ்வப்னா என்ற பெண், சரோஜம் சொன்னதைக் கேட்டு, மூங்கிலைப் பார்த்துப் படம் பிடித்துக்காட்டினாள். கன்னங்கரேலென்று ஒரு பறவை. வாலில் இரண்டு கம்பி, கம்பி நுனியில் இரண்டு கரண்டி.

"சேச்சி, உங்க விசிலடிக்காரன் இதாக்கும். கரிச்சான். பூனை, பருந்து, மனுசன், எதைக் கேட்டாலும் அப்படியே அடிக்கும்."

"கேக்கல்லேன்னா?"

"மறந்துபோவும். புதுசா ஒண்ணைப் பிடிச்சிரும்."

பயம் தீரவேண்டிய இடத்தில்தான் தங்கபாய்க்குப் பயம் தொடங்கியது. பேய் மறக்காது, பறவை மறக்கும். பொன்னுதாஸின் சத்தம் உலகத்தில் மிச்சமிருப்பது அந்த அலகில் மட்டும்தான். அவளுடைய போனில் அதைப் பிடித்தும் பார்த்தாள். போனில் அது வெறும் பறவையாகத்தான் கேட்டது. போகப்போக சீட்டியின் சுண்டல் மழுங்கியது. நடுவில் யாருடையதோ ரிங்டோன் புகுந்தது. மறக்காமலிருக்க யாராவது அதற்கு அடித்துக்காட்ட வேண்டும். அடித்துக்காட்டுவதும் விளி கேட்பதும் ஒன்றுதானே?

ஒரு மத்தியானம் ரிங்டோன் மட்டுமே வந்தது.

தங்கபாய் வாரியலைச் சாத்திவைத்துவிட்டு மூங்கிலுக்குள் போனாள். விரலை மடித்து நாக்கின் அடியில் வைத்தாள். முதலில் காற்றும் எச்சிலும்தான் வந்தன. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஊதினாள். வந்தது, நீண்டது, சுண்டியது. கண்ணைத் திறந்தபோது கரிச்சான் தாழ்ந்த கொம்பில் அவள் முகத்துக்கு நேரே இருந்தது. அலகு மூடியிருந்தது. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பதில் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஆற்றுப் பக்கம். நீளமாக, கடைசிச் சுண்டல் கொஞ்சமும் மழுங்காமல். கரிச்சானும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது.

தங்கபாயின் கால்கள் இரண்டும் ஆற்றைப் பார்த்துத் திரும்பிவிட்டன. ஒரு மூங்கிலை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"சுமிக்க அப்பா," என்றாள், "வாறேன். வராம எங்க போவப்போறேன்? பிள்ளைக்க படிப்பு முடியட்டு, அவளுக்க கல்யாணமும் நடக்கட்டு. அதுவரைக்கும் அங்கயே இரிங்க. விளிக்கணும்னா விளிங்க. ஆனா சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு தெரக்குக் கூட்டப்பிடாது, கேட்டிங்களா?"

ஆற்றுப் பக்கம் மூங்கில் இலை ஒன்றும் அசையவில்லை. தங்கபாய் வெகுநேரம் பிடியை விடாமல் நின்றாள். தலைக்கு மேலே ஒரு கொம்புக்குத் தாவிய கரிச்சான், பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல, அந்தச் சீட்டியை முதலிலிருந்து மெல்ல அடித்துப் பார்த்தது.