ஆசிட் அக்காவின் கன்னம்

குழாய்களுக்கு முலாம் பூசும் பட்டறையில் அவளுக்கு ‘ஆசிட் அக்கா’ என்றுதான் பெயர். முலாம் ஏறுவதற்கு முன் பித்தளைக் குழாயை அமிலத் தொட்டியில் முக்கி அழுக்கை எடுப்பது இருபது வருடமாக அவள் வேலை. மங்கல் போகவில்லையென்றால் மறுபடி முக்குவாள். அவ்வளவுதான் அவளுடைய சட்டம்.

கன்னத்தில் கருந்திட்டு விழுந்தபோது மகள் ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்தாள். முகத்தில் படிந்த இறந்த தோலை உரித்தெடுக்கும் அமிலம்.

“வாரத்துக்கு ரெண்டு தடவைதாம்மா. பகல்ல கண்டிப்பா சன்ஸ்கிரீன் போடணும்.”

“ஆசிடப் பத்தி எனக்கே பாடம் எடுக்கிறியா? போடி.”

முதல் நாள் பூசியும் திட்டு அசையவில்லை. அதனால் மறுநாளும் பூசினாள், அதற்கு மறுநாளும் பூசினாள். ஐந்தாம் நாள் முகம் சிவந்துபோய், பச்சைத் தண்ணீர் பட்டாலே எரிந்தது.

பட்டறையில் மேஸ்திரி உற்றுப் பார்த்தார். “தொட்டியில நீயே முங்கிட்டியாம்மா?”

“முங்கியிருந்தா இதவிடப் பளபளன்னு வந்திருப்பேன். வேலையப் பாருங்க.”

பாட்டிலை அவள் தூக்கி எறியவில்லை. எரிச்சல் அடங்கும்வரை மூன்று வாரம் வெறும் மாய்ஸ்சரைசர் தடவினாள். பிறகு வாரம் ஒரு முறை என்று மறுபடி தொடங்கினாள். சன்ஸ்கிரீன் பூசாமல் வாசல்படி இறங்கவில்லை. இரண்டு மாதத்தில் திட்டு பாதி மங்கிவிட்டது.

“நான் அப்பவே சொன்னேன்ல?” என்றாள் மகள்.

“சொன்ன, இல்லங்கல. ஆனா இருபது வருஷத்துல பித்தளை ஒரு தடவகூட எரியுதுன்னு சொன்னதில்லடி. அதான் நான் கெட்டிக்காரின்னு நெனச்சிட்டிருந்தேன்.”