புளி போட்டுத் தேய்த்த அமெரிக்கக் காசு

மலாயாவில் லுக்குட் என்ற ஊரில் பழைய பொற்காசுகளை வாங்கி, அவற்றைச் சேகரிக்கும் வெள்ளைக்காரத் துரைமாருக்கு விற்கும் முதலாளி ஒருவர் இருந்தார். காசை விளிம்பில்தான் பிடிப்பார். காசின் முகப்பில் விரல் படவிடமாட்டார். ரப்பர் தோட்டத்தில் எங்களை வேலையிலிருந்து நிறுத்தியபோது, ஊர் திரும்பும் கப்பல் செலவுக்காக மனைவியின் அமெரிக்கப் பொற்காசை அவரிடம் கொண்டுபோனேன். அவள் வாசலில் நின்றாள்.

"யாருப்பா இதப் புளி போட்டுத் தேச்சது?" என்றார் முதலாளி. "தேச்ச காசத் துரைமாரு எடுக்கமாட்டாங்க. அழுக்கோட கொண்டாந்திருந்தா முப்பது வெள்ளி. இப்போ வெறும் தங்க விலைதான், இருபது."

பளபளப்புக்கு விலை குறைவா? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மனைவி உள்ளே எட்டிப் பார்த்தாள். "நான்தாங்க தேச்சேன். நல்லாருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கும்மா" என்று சொல்லி, முப்பது வெள்ளிப் பணத்தை என் கையில் வைத்தார்.

அவளுக்காக இரங்கினாரா, முதலில் என்னைத்தான் ஏய்க்கப் பார்த்தாரா? ஊர் வந்து இத்தனை வருஷமாகியும் எனக்கு விளங்கவில்லை.