இதுல இன்னா கீது, சிஸ்டர்?

எனக்குப் பொறுமை கிடையாது. மனநலப் பிரிவில் இத்தனை வருடம் நர்ஸாக இருக்கிறவள் இப்படிச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். நான் சொல்லாவிட்டாலும் என்னோடு வேலை பார்க்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, முழுங்கிவிட்டதாகத் தலையாட்டுகிற ஆளிடம், "வாயத் தொற, நாக்கத் தூக்கு, இப்ப சிரி பாப்பம்" என்று அதட்டுகிறவள் நான். அந்த ஒரு பெண்ணிடம் மட்டும் என் அதட்டல் எடுபடவில்லை.

செங்கல்பட்டில் ஆஸ்பத்திரி வேலை, வீடு படாளத்தில். வாரத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரி வண்டியில் வீடு வீடாகப் போவோம். திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாகக் கொஞ்ச தூரம் வடக்கே. ஊசி போடுவது, எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது, தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, வெளிக்குச் சரியாகப் போகிறதா என்று வெட்கமில்லாமல் விசாரிப்பது. எங்கள் மருந்துகள் மனசைச் சரிசெய்யப் போகிற வழியில் உடம்பில் நாலு இடத்தில் கைவைத்துவிட்டுத்தான் போகும். ஒருத்தருக்கு வாய் உலரும், ஒருத்தருக்கு உடம்பு ஊதும், ஒருத்தர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி வழிவார். அதையெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள்.

அந்தப் பெண்ணின் வீடு மாமல்லபுரத்துக்கு வெளியே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில். கடலோர ஓட்டல் ஒன்றில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். புருஷன் சிறுசேரி கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேப் டிரைவர். கூட மாமியார். அந்த அம்மாள் சின்ன வயசில் நடவுக்கும் களைக்கும் போய், பிறகு பள்ளிக்கூடச் சத்துணவில் சமைத்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. சமையலில் யாராவது குறை சொன்னால் அவ்வளவுதான், அன்றைக்கு வீடு ரெண்டாகும்.

மருமகளுக்கு இருந்தது ஏற்ற இறக்க நோய். ஒரு காலம் மனசு தரையில் நிற்காது, இன்னொரு காலம் பாயை விட்டே எழாது. நான் அவளை முதலில் பார்த்தது ஏற்றத்தில். நாலைந்து நாளாகத் தூக்கமே இல்லாமல், சிற்பங்களைப் பார்க்க வந்த வடநாட்டுச் சுற்றுலாப் பஸ்ஸை நடுரோட்டில் மறித்து, எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டிருக்கிறாள். அதில் நிஜமாகவே ஒரு குடும்பம் இறங்கி வந்துவிட்டது. மாமியார் வேறு வழியில்லாமல் அவர்களுக்கு உலை வைத்தார். இதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம் பாதி, பெருமை பாதி. "ரசத்த ரெண்டு தபா கேட்டு வாங்கிச் சாப்ட்டானுங்கம்மா அந்த இந்திக்காரனுங்கோ."

அந்த ரசத்தில்தான் வினையும் வந்தது. மருமகள் மாத்திரை வேண்டாம் என்று அடம்பிடித்தபோது, மாமியார் அதைப் பொடித்து ரசத்தில் கலந்துவிட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல, பயத்தில். பல வீடுகளில் நடப்பதுதான். தட்டின் அடியில் வெள்ளையாக வண்டல் தங்கியிருப்பதை அவள் பார்த்துவிட்டாள். அதோடு அந்த வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினாள். தோல் உரிக்காத வாழைப்பழம், சீல் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட், இந்த இரண்டைத் தவிர எதையும் தொடவில்லை. அடுத்த தடவை நான் போனபோது கன்னம் ஒட்டிப்போய், சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "இதுல இன்னா கீது, சிஸ்டர்?" என்றாள்.

தண்ணீரைக்கூட நம்ப முடியாத நிலையில் ஒருத்தியை விட்டுவிட்டோமே என்றிருந்தது. அவள் முன்னால் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுச் சொன்னேன். "இத பாரு. நான் ஒனக்கு எத குடுத்தாலும் அது இன்னான்னு சொல்லிட்டுத்தான் குடுப்பேன். நீ எப்ப கேட்டாலும் நெசத்தத்தான் சொல்வேன். புடிக்கலன்னா வேணான்னு சொல்லு, சண்டை போடலாம். ஆனா மறைக்க மாட்டேன்."

அவள் உடனே நம்பிவிடவில்லை. ஒவ்வொரு தடவையும் சோதித்தாள். ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேர் கேட்பாள், என்ன செய்யும் என்று கேட்பாள், என்ன தொல்லை கொடுக்கும் என்று கேட்பாள். அவளுக்கு எழுதியிருந்த முக்கியமான மாத்திரை லித்தியம். அதைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். தாகம் எடுக்கும், விரல் லேசாக நடுங்கும், கொஞ்சம் குண்டாவாய், அடிக்கடி ரத்தம் எடுத்து அளவு பார்க்கணும், தண்ணியும் சாப்பாட்டு உப்பும் கூட்டாமல் குறைக்காமல் வழக்கம்போல இருக்கணும். "குண்டாவேன்னு மொதல்லயே சொல்றியே, நீயெல்லாம் ஒரு நர்ஸா?" என்று சிரித்தாள். அன்றைக்குத்தான் அவள் சிரித்து முதன்முதலாகப் பார்த்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

அது அவளுக்கு நன்றாகப் பிடித்துக்கொண்டது. தூங்கினாள், வேலைக்குப் போனாள், சம்பளத்தில் எனக்கு ஒரு கைக்குட்டை வாங்கி வந்தாள். மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. ஒன்று மட்டும் மாறவில்லை. தனக்கான சோற்றையும் குழம்பையும் தானேதான் ஆக்கிக்கொண்டாள். மாமியாரின் ரசத்தை அவள் தொடவேயில்லை. அந்த அம்மாள் தினமும் ரசம் வைத்து, ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து மூடி வைப்பார். ராத்திரி அது அப்படியே இருக்கும். இதை அவர் என்னிடம் புகாராகச் சொல்லவில்லை. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அடுத்த வருட ஆடியில் ஒருநாள் போனேன். ஊரெல்லாம் வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு காதைப் பிளந்தது. அவள் மஞ்சள் புடவையில், மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டி, எனக்குக் காபி கொண்டுவந்தாள். டம்ளர் டபராவுக்குள் கடகடவென்று ஆடியது. விரல் நுனி நடுக்கம் எனக்குப் பழக்கம்தான். இது விரல் இல்லை, முழங்கையிலிருந்து கையே உதறியது. நடந்து வந்தபோது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சும் கொழகொழவென்று இருந்தது.

"வாந்தி கீந்தி எடுத்தியா?"

"ரெண்டு நாளா வயித்தால போவுது சிஸ்டர். வெயிலு சூடு போலக்கீது."

"மாத்திரைய அதிகமா போட்டுக்கினியா?"

அவள் முகம் வாடியது. "நானா? ஒண்ணு கூட கொறையல, ஒண்ணு கூட கூடல."

பிறகுதான் கையில் இருந்த காப்பு எனக்கு உறைத்தது. என்ன வேண்டுதல் என்றேன். ஆடிக்கு ஆடி ஒரு வருடம் நோய் தலைகாட்டாமல் போனதற்கு நன்றியாக, காப்பு கட்டியதிலிருந்து கூழ் ஊற்றும் வரை உப்பில்லாமல் சாப்பிடுவதாக நேர்ந்துகொண்டிருக்கிறாள்.

"உப்ப கொறைக்காதன்னு படிச்சிப் படிச்சி சொன்னேனே!"

"சாப்பாட்டுல கொறைக்கல சிஸ்டர்," என்றாள் நிதானமாக, எனக்குத்தான் புரியவில்லை என்பதுபோல. "வெரதத்துலதான் கொறைச்சேன்."

அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. மருந்துக்கும் உண்மையாக இருந்தாள், அம்மனுக்கும் உண்மையாக இருந்தாள். இரண்டும் அவள் உடம்புக்குள் போய் மோதிக்கொண்டுவிட்டன. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். லித்தியத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கில் தண்ணீரும் போனால் கேட்கவே வேண்டாம். அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் விஷமாகிவிடும். விட்டால் வலிப்பு வரும், நினைவு தப்பும், உயிரே போகலாம். அன்றைய மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டு டாக்டருக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி வண்டி என்னை இறக்கிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தது, புருஷன்தான் கேப்பைத் திருப்பிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவள் என் மடியில் தலைவைத்துக் கிடந்தாள். மாமியார் முன்சீட்டில் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அளவு எகிறியிருந்தது. டாக்டர் டிரிப்ஸ் எழுதினார். நான்தான் ஊசி ஏற்றினேன். குழாயை மாட்டப் போகும்போது அவள் கண்ணைத் திறந்து, மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள்.

"இதுல இன்னா கீது, சிஸ்டர்?"

அவளுக்குப் பின்னால் நின்ற மாமியார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். குளுகோஸ் என்று சொல்லேன் என்று உதடு அசைந்தது. சொல்லியிருக்கலாம். யாரும் என்னைத் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் என்றைக்காவது தெரிந்துபோனால்? அந்த வாழைப்பழமும் பிஸ்கட்டும் என் கண்முன் வந்து நின்றன. என் வார்த்தை போனால் மாத்திரை போகும். மாத்திரை போனால் இவளும் போய்விடுவாள்.

"உப்புத் தண்ணி," என்றேன். "உன் ஒடம்புல உப்பு இல்ல. அதத்தான் ஏத்தப் போறேன்."

அவள் கையை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "வேணாம் சிஸ்டர். அம்மன் குடுத்த புத்தி இது. நேத்திய ஒடச்சா அவளே திருப்பி எடுத்துக்குவா. மறுபடியும் அப்டி ஆவறதுக்கு நான் செத்தே பூட்றேன்."

நாலு பேர் பிடித்தால் பாட்டில் இறங்கிவிடும். அதுவும் எனக்குத் தெரியும், பிடித்தும் இருக்கிறேன். அவளைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. எவ்வளவோ சொன்னேன். உயிர் இருந்தால்தானே விரதம் என்றேன், அம்மனுக்குத் தெரியாதா என்றேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள். தவக்காலத்தில் என் அம்மா ஒருசந்தி இருந்தால் யார் சொல்லியும் ஒரு வாய் காபி குடிக்க மாட்டாள். அம்மன் சார்பில் பேச எனக்கு என்ன பாத்தியதை? அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். உதறல் கூடிக்கொண்டே போனது.

மாமியார் என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

"ஏ பொண்ணு. வூட்ல நான் ஒருத்தி இருக்கசொல்ல நீ ஏன் தனியா நேந்துகின? இது நம்ப வூட்டு நேத்தி. பாதி நீ செலுத்திட்ட, மீதி நான் செலுத்தறேன். அவளுக்கு வூடுதான் கணக்கு, ஆளு இல்ல."

"ஒனக்கு உப்பு கொறைஞ்சா ஒரு வாய் எறங்காதே அத்த."

"எறங்கலன்னா பட்டினி கெடக்கறேன். நீ கெடக்கல?" குரல் உடைந்துவிட்டது. "என்னாலதான கெடந்த. அந்த ரசத்துக்கும் சேத்து வச்சிக்கடி கண்ணு."

அந்த அம்மாள் வாயிலிருந்து மன்னிப்பு மாதிரி ஒன்று வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மருமகளும் கேட்டதில்லை போலிருக்கிறது. மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு மெதுவாகக் கையை நீட்டினாள். மாமியார் அவள் மணிக்கட்டைத் தண்ணீரால் நனைத்து, காப்பை நோகாமல் உருவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தன் கையை என் பக்கம் நீட்டினார்.

"நீ கட்டும்மா. எனக்குக் கை ஆடுது."

எத்தனை முடிச்சு என்று கேட்டேன். "அவுந்துடாம இருந்தா செரி" என்றார். கட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப ஏத்து சிஸ்டர்," என்றாள் அவள்.

ஏற்றினேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. அப்படியே வழிய விட்டேன். மாமியாருக்குப் பிரஷர் உண்டு. உப்பைக் குறையுங்கள் என்று நான் எத்தனையோ தடவை தொண்டை கிழியக் கத்தியும் கேட்காதவர். அதைச் சொன்னேன். "அம்மன் எங்கூட்டுக்கு ஒரே வெரதத்துல ரெண்டு வைத்தியம் பாக்கறா" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

உதறல் சில நாளில் அடங்கியது. டாக்டர் அளவைக் குறைத்து லித்தியத்தைத் திரும்பத் தொடங்கினார். கூழ் ஊற்றிய பிறகு ரத்தம் எடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். மாமியார் கையில் காப்பு இல்லை, முகத்தில் கொஞ்சம் இளைப்பு. உப்பை விட்ட நாட்களைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. ஜெயிலுக்குப் போய்வந்தவர்கூட அவ்வளவு பேசமாட்டார்.

எனக்கு ரசம் ஊற்றினார். பிறகு பாத்திரத்தோடு மருமகள் பக்கம் திரும்பினார். கரண்டி அந்தரத்தில் நின்றது. மெல்லச் சொல்லத் தொடங்கினார், ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. "புளி, தக்காளி, மொளவு, பூண்டு. உப்பு எப்பவும் போல. வேற எதுவும்..."

"நான் கேக்கலியே அத்த," என்றாள் அவள், தட்டை முன்னால் நகர்த்திக்கொண்டே.